ஆவடி டாங்கியும் மார்ஷல் ஜுகோவும்!



சென்னையில் இருந்து ஆவடி, திருவள்ளூர் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? சில ரயில்களின் முகப்பில் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று எழுதியிருக்கும். "அதென்ன மிலிட்டரி சைடிங்?" என்று அப்பாவைக் கேட்டிருப்பீர்கள். ராணுவத் தேவைக்காகப் போட்ட கிளை ரயில் பாதைதான் அது. ஆவடி வட்டாரத்துக்கும் ராணுவத்துக்கும் அவ்வளவு நெருக்கம்!

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஆவடியில்தான், 1961-ம் ஆண்டு மத்திய அரசு கனரக வாகனத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அந்தப் பக்கத்து மக்கள் 'டாங்க் ஃபேக்டரி' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்திய ராணுவத்தின் 'அஜேயா', 'பீஷ்மா' டாங்கிகள் இங்கேதான் உருவாயின. பெயரைப் பார்த்தால் சுத்தமான இந்தியப் பெயர்கள். ஆனால், இவற்றின் தாத்தா பாட்டி ஊரைத் தேடிப் போனால் பனி கொட்டும் ரஷ்யாவும் உக்ரைனும் வரும். அங்கே குதிரை மீது அமர்ந்து ஒரு மனிதர் நம்மைப் பார்ப்பார். அவர் பெயர் ஜார்ஜி ஜுகோவ்.

உலகின் மிகப் பெரிய போரில் டாங்கிப் படைகளை நடத்தி வென்ற தளபதி அவர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

செருப்புத் தைப்பவரின் மகன்

1896-ம் ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி. மாஸ்கோவுக்குத் தென்மேற்கே, ஸ்த்ரெல்கோவ்கா என்ற குட்டிக் கிராமத்தில் ஜார்ஜி பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். அம்மா கூலி வேலை செய்பவர், மூட்டை சுமப்பவர். வீடு என்று பெயருக்கு ஒன்று இருந்தது. ஒருநாள் அதன் கூரையும் இடிந்து விழுந்துவிட்டது!

ஊர்ப் பள்ளியில் மூன்று வகுப்புகள்தான். மூன்றிலும் நன்றாகப் படித்து, பாராட்டுப் பத்திரம் வாங்கினார் ஜார்ஜி. ஆனால், மேலே படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. பதினோரு வயதில் மாஸ்கோவில் இருந்த தாய்மாமாவிடம் வேலை பழக அனுப்பிவிட்டார்கள். மாமா, மிருகங்களின் ரோமத் தோலில் குளிர் ஆடைகள் தைப்பவர். பகலெல்லாம் அங்கே எடுபிடி வேலை. தவறு செய்தால் அடி. ராத்திரியில் மட்டும் புத்தகம். அப்படியே மாலை நேர வகுப்புக்கும் போய்ப் படித்தார்.

1915-ல் முதல் உலகப்போருக்காக அவரை ராணுவத்தில் சேர்த்தார்கள். குதிரைப்படை வீரர் ஆனார். 1917-ல் ரஷ்யாவில் புரட்சி வந்தது. மன்னராட்சி போனது. அடுத்த வருடம் செஞ்சேனை என்ற புதிய ராணுவத்தில் சேர்ந்தார் ஜுகோவ். ரஷ்யாவும் பக்கத்து நாடுகளும் சேர்ந்து 1922-ல் சோவியத் யூனியன் ஆயின. (1991-ல் அது கலைந்து, 15 நாடுகளாகப் பிரிந்துவிட்டது.) கையெறி குண்டு வெடித்துக் காயம், டைஃபஸ் காய்ச்சல் என்று இரண்டு முறை சாவின் வாசல் வரை போய் வந்த ஜுகோவ், படிப்படியாக மேலே வந்தார்.

பாலைவனத்தில் ஒரு 'சவுண்ட்' தந்திரம்

1939-ம் ஆண்டு. மங்கோலியாவின் எல்லையில் கல்கின் கோல் என்ற ஆறு. அங்கே ஜப்பான் படை உள்ளே புகுந்துவிட்டது. மங்கோலியாவுக்கு உதவ சோவியத் படை போனது. அதற்குத் தளபதியாக ஜுகோவை அனுப்பினார்கள்.

ரயில் நிலையமோ 600 கிலோமீட்டருக்கும் அப்பால்! குண்டு, எரிபொருள், ரொட்டி என எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான லாரி நடைகளில் கொண்டுவந்து சேர்த்தார். திடீர்த் தாக்குதலுக்குத் திட்டம் போட்டார். ஆனால், இத்தனை ஏற்பாடும் எதிரிக்குத் தெரியக் கூடாதே?

என்ன செய்தார் தெரியுமா? தரையில் மரத்தூண் அடிப்பது போன்ற சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டே இருந்தார். 'தற்காப்புப் போரில் வீரர் செய்ய வேண்டியது என்ன?' என்று வீரர்களுக்குத் துண்டுப் பிரசுரம் வேறு அச்சடித்துக் கொடுத்தார். 'இவர்கள் பதுங்குகுழி கட்டிக்கொண்டு சும்மா உட்காரப் போகிறார்கள்' என்று ஜப்பானியர்கள் நம்பிவிட்டார்கள். ஆகஸ்ட் 20-ம் தேதி விடிகாலையில் நூற்றுக்கணக்கான டாங்கிகள் இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டன. பத்தே நாளில் வெற்றி!

வெற்றியிலும் ஒரு பாடம் கிடைத்தது. அங்கே போன சோவியத் டாங்கிகளில் பெட்ரோல் எஞ்சின். மேல் தகடும் மெல்லியது. குண்டு பட்டால் குப்பென்று தீப்பிடித்தன. கார்கிவ் நகரத் தொழிற்சாலையில் மிகாயில் கோஷ்கின் என்ற பொறியாளர் இதற்கு விடை தேடிக்கொண்டிருந்தார். அவர் குழு உருவாக்கியதுதான் டி-34 டாங்கி. இரும்புத் தகட்டைச் செங்குத்தாக வைக்காமல் சாய்த்து வைத்தார்கள். சாய்ந்த தகட்டில் பட்ட குண்டு, சறுக்கிக்கொண்டு தெறித்துப் போகும். உள்ளே, எளிதில் தீப்பிடிக்காத டீசல் எஞ்சின். அந்த எஞ்சினின் பெயர் வி-2. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது நம் ஊருக்கே வரப்போகிறது!

1940 மார்ச் மாதம், கொட்டும் பனியில் இரண்டு டாங்கிகளைக் கார்கிவில் இருந்து மாஸ்கோ வரை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினார் கோஷ்கின். அதில் நிமோனியா பிடித்து, அதே ஆண்டு செப்டம்பரில் இறந்து போனார். தன் டாங்கி போர்க்களத்தில் என்ன செய்தது என்று பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

உண்மையைச் சொன்னதற்கு வேலை போனது!

1941 ஜூன் 22. ஹிட்லரின் ஜெர்மனி ராணுவம், லட்சக்கணக்கான வீரர்களோடு சோவியத் நாட்டுக்குள் பாய்ந்தது. ஒரே மாதத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

அப்போது சோவியத் தலைவர் ஸ்டாலின். அவரிடம் எதிர்த்துப் பேச எல்லோரும் நடுங்குவார்கள். போருக்கு முன்னால் எத்தனையோ ராணுவ அதிகாரிகளை, பொய்க் குற்றம் சாட்டி, சுட்டுக் கொல்ல உத்தரவிட்டவர் அவர்.

ஜூலை 29-ம் தேதி, ராணுவத் தலைமையகத்தின் தலைவராக இருந்த ஜுகோவ் ஒரு வரைபடத்தோடு அவர் முன்னால் போய் நின்றார். கீவ் நகரத்தை ஜெர்மானியர்கள் பின்பக்கமாக வளைக்கப் போகிறார்கள், அதற்குள் படையை ஆற்றுக்கு இந்தப் பக்கம் திரும்ப அழைத்துவிட வேண்டும், கீவை விட்டுக்கொடுப்பதைத் தவிர வழியில்லை என்றார். ஸ்டாலினுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. 'என்ன உளறல் இது' என்கிற மாதிரி கத்தினார். தலைமைத் தளபதி உளறுகிறான் என்று நினைத்தால் என்னை விடுவித்துப் போர்முனைக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஜுகோவும் திருப்பிச் சொன்னார். இதைத் தன் நினைவு நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

அன்றே அந்தப் பதவி போனது.

பிறகு என்ன நடந்தது? செப்டம்பரில் அவர் சொன்னபடியே ஜெர்மானியர்கள் கீவைச் சுற்றி வளைத்தார்கள். ஆறு லட்சத்துக்கும் அதிகமான சோவியத் வீரர்களைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். அவர்களில் ஏராளமானவர்கள் வீடு திரும்பவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். தலைவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் ஒருவர் உண்மையைச் சொன்னார். அதைக் கேட்காமல் போனதற்கு விலை கொடுத்தது யார்? சொன்னவரும் இல்லை, கேட்காதவரும் இல்லை. ஊர் பேர் தெரியாத சிப்பாய்கள்!

ரயில் ஏறிய தொழிற்சாலைகள்

ஸ்டாலினுக்கு வேறு வழியில்லை. எங்கெல்லாம் நிலைமை மோசமோ, அங்கெல்லாம் ஜுகோவையே அனுப்ப ஆரம்பித்தார். செப்டம்பரில் லெனின்கிராடு. அக்டோபரில் மாஸ்கோ. டிசம்பர் தொடக்கத்தில், மாஸ்கோவுக்கு முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்துவிட்டார்கள் ஜெர்மானியர்கள். நம் கும்மிடிப்பூண்டியில் இருந்து சென்னை இருக்கும் தூரத்தைவிடக் குறைவு!

டிசம்பர் 5-ம் தேதி எதிர்த்தாக்குதல் தொடங்கியது. கடும் குளிரில் எண்ணெய்கூட உறைந்துபோன நேரம். சைபீரியாவில் இருந்து வந்த, பனிக்குப் பழகிய படைகளும் சேர்ந்துகொள்ள, ஜெர்மானியர்களை நூறு கிலோமீட்டருக்கு மேல் பின்னால் தள்ளினார் ஜுகோவ். தோல்வியே அறியாதது என்று சொல்லப்பட்ட ஹிட்லரின் தரைப்படைக்கு விழுந்த முதல் பெரிய அடி அது.

ஆனால் குட்டீஸ், ஜுகோவ் மட்டும் இருந்தால் போதுமா? டாங்கி வேண்டாமா? டாங்கி செய்யும் கார்கிவ் நகரமே ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டதே!

இங்கேதான் ஓர் ஆச்சரியம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலரது அம்மா, அப்பாவே அங்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகலாம். உருக்காலைகள், உலைகள், ராட்சத இயந்திரங்கள்... அத்தனையையும் போல்ட் போல்ட்டாகக் கழற்றி, கூட்ஸ் ரயிலில் ஏற்றி, வேலை செய்பவர்களையும் குடும்பத்தோடு ஏற்றி, டெல்லி வரை கொண்டுபோய் இறக்கி, மறுபடி பூட்டி ஓட வைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அதுவும் மேலே விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது!

1941-ன் பிற்பாதியில் சோவியத் தொழிலாளர்கள் செய்தது அதுதான். 1,500-க்கும் அதிகமான தொழிற்சாலைகளை இப்படிக் கிழக்கே நகர்த்தினார்கள். கார்கிவ் டாங்கித் தொழிற்சாலை, யூரல் மலைப்பக்கம் நிஸ்னி டாகில் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையோடு சேர்ந்தது. அந்த டிசம்பரிலேயே அங்கே டி-34 டாங்கிகள் உருளத் தொடங்கிவிட்டன. ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் லேத் மெஷினில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்களும், உங்களைவிடச் சற்றே பெரிய அண்ணன், அக்காக்களும்தான்.

மாலையும் உண்டு, மறுபக்கமும் உண்டு

1942 நவம்பர் 19-ம் தேதி ஸ்டாலின்கிராடு நகருக்கு வெளியே, தளபதி வாசிலெவ்ஸ்கியுடன் சேர்ந்து ஜுகோவ் போட்ட திட்டம் அரங்கேறியது. கல்கின் கோல் ஆற்றங்கரையில் செய்த அதே வேலை. இரண்டு பக்கமும் டாங்கிகளால் வளைப்பது! இந்த முறை உள்ளே சிக்கியது முழு ஜெர்மானியப் படை ஒன்று. 1943 பிப்ரவரி 2-ம் தேதி அது சரணடைந்தது. அதற்குச் சில நாள் முன்பு ஜுகோவ் 'மார்ஷல்' ஆனார். பிறகு குர்ஸ்க் டாங்கிப் போர், போலந்து, கடைசியில் ஹிட்லரின் தலைநகரான பெர்லின் என்று அவருடைய பாதை நீண்டது.

'அப்படியானால் அவர் தோற்றதே இல்லையா?' என்று கேட்பீர்கள். தோற்றிருக்கிறார். ஸ்டாலின்கிராடு தாக்குதல் நடந்த அதே வாரங்களில், ர்ஷேவ் என்ற ஊரின் பக்கம் ஜுகோவ் நடத்திய இன்னொரு தாக்குதல் படுதோல்வி. அதில் சுமார் 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள் என்பது அந்த நாட்டின் ராணுவக் கணக்கே. பல ஆண்டுகள் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெர்லினுக்கு முன்னால் சீலோ என்ற குன்றுகள் இருந்தன. 1945 ஏப்ரல் 16-ம் தேதி விடியும் முன், 140-க்கும் மேற்பட்ட ராட்சத விளக்குகளை எரியவிட்டு எதிரியின் கண்ணைக் கூசச் செய்யலாம் என்று ஜுகோவ் ஒரு யோசனை செய்தார். ஆனால், பீரங்கி கிளப்பிய தூசியிலும் புகையிலும் பட்டு அந்த வெளிச்சம் அவருடைய வீரர்களின் கண்ணையே மறைத்தது. குன்றைப் பிடிக்க மூன்று, நான்கு நாள் ஆனது. பெர்லினைப் பிடிப்பதற்குள் சோவியத் பக்கம் மட்டும் சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். 'ஜுகோவ் வென்றது உண்மை. ஆனால், வீரர்களின் உயிரை இன்னும் கொஞ்சம் சிக்கனமாகச் செலவழித்திருக்கலாம்' என்று சொல்லும் வரலாற்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 'அன்றைக்கு இருந்த நெருக்கடியில் வேறு யாராலும் அதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது' என்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் போரில் சோவியத் நாடு இழந்த உயிர்கள் சுமார் இரண்டு கோடியே எழுபது லட்சம். வீரர்கள் மட்டுமல்ல... அம்மாக்கள், தாத்தாக்கள், உங்களைப் போன்ற குட்டிகளும்கூட.

வெள்ளைக் குதிரை... அப்புறம் வீட்டுக்கு!

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தபோது, சோவியத் நாட்டின் சார்பில் அதை ஏற்றுக்கொண்டவர் ஜுகோவ்தான். ஜூன் 24-ம் தேதி மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் வெற்றி அணிவகுப்பு. கொட்டும் மழை. வெள்ளைக் குதிரையில் வந்து அணிவகுப்பைப் பார்வையிட்டார் செருப்புத் தைப்பவரின் மகன்.

ஒரு வருடம்தான்! அவருக்குக் கிடைத்த கைதட்டல் ஸ்டாலினுக்குப் பிடிக்கவில்லை. 1946-ல் 'வெற்றி எல்லாம் தன்னால்தான் என்று பீற்றிக்கொள்கிறார்' என்று குற்றம் சாட்டி, ஒடெசா என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் அங்கிருந்து யூரல் பக்கம்.

1953-ல் ஸ்டாலின் இறந்த பிறகு திரும்ப அழைத்தார்கள். 1955-ல் பாதுகாப்புத் துறை அமைச்சர் ஆனார். அந்தப் பதவியில் இருந்தபோதுதான், 1957-ன் தொடக்கத்தில் நம் இந்தியாவுக்கு வந்தார். அப்போது நேரு பிரதமர். இந்தியாவும் சோவியத் நாடும் நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அதே ஆண்டு அக்டோபரில் வெளிநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பியவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அமைச்சர் பதவி பறிபோயிருந்தது! இந்த முறை நீக்கியவர் குருஷ்சேவ். ராணுவத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்பது குற்றச்சாட்டு. அதற்குப் பிறகு அவருக்கு எந்தப் பதவியும் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் அவர் பெயரையே பெரிதாகப் பேசவில்லை. வீட்டில் உட்கார்ந்து தன் நினைவுகளை எழுதினார். 1969-ல் அது புத்தகமாக வந்தபோது, அரசுக்குப் பிடிக்காத பக்கங்களை வெட்டிவிட்டார்கள். வெட்டிய பகுதிகள் திரும்பச் சேர்ந்தது 1990-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1974 ஜூன் 18-ம் தேதியே காலமாகிவிட்டார்.

மறுபடியும் ஆவடி!

சரி, அந்த வி-2 எஞ்சின் என்ன ஆயிற்று?

நிஸ்னி டாகிலுக்கு ரயிலேறிப் போன தொழிற்சாலை, போருக்குப் பிறகும் அங்கேயே தங்கிவிட்டது. டி-34-க்குப் பின்னால் எத்தனையோ டாங்கிகளைச் செய்தது. டி-72, டி-90 ஆகியவை அங்கே வடிவமைக்கப்பட்டவைதான். 1980-களின் பிற்பகுதியில் டி-72 டாங்கியை ஆவடியில் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதற்கு நாம் வைத்த பெயர் 'அஜேயா'. யாராலும் வெல்ல முடியாதது என்று அர்த்தம். டி-90 டாங்கிக்கு 'பீஷ்மா' என்று பெயர். ஆவடியில் தயாரான முதல் பீஷ்மா டாங்கிகள் 2009-ல் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

இவற்றுக்கான எஞ்சினைச் செய்வது, பக்கத்திலேயே இருக்கும் ஆவடி எஞ்சின் தொழிற்சாலை. பன்னிரண்டு சிலிண்டர்களை 'வி' எழுத்து வடிவத்தில் சாய்த்து வைத்த டீசல் எஞ்சின். ஆம், கோஷ்கின் பனியில் ஓட்டிப்போன டாங்கியில் இருந்த அந்த வி-2 எஞ்சினின் பேரப்பிள்ளைகள்தான் அவை! அதற்கு 500 குதிரைசக்தி. அஜேயாவுக்கு 780. பீஷ்மாவுக்கு ஆயிரம்.

இன்று மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் அருகே, குதிரை மீது அமர்ந்த ஜுகோவின் பெரிய சிலை இருக்கிறது. வெற்றியின் ஐம்பதாம் ஆண்டான 1995-ல் வைத்தார்கள். ஆனால், டி-34 பிறந்த கார்கிவ் நகரில் இருந்த அவருடைய மார்பளவுச் சிலையை 2022-ல் அகற்றிவிட்டார்கள். கார்கிவ் இப்போது உக்ரைன் நாட்டில் இருக்கிறது. அந்த ஆண்டு ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடுத்தது. ஒரு காலத்தில் தோளோடு தோள் நின்று ஹிட்லரை எதிர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஒரே குடும்பத்து டாங்கிகளை எதிரெதிரே நிறுத்தினார்கள். ஒரே மனிதரின் சிலையை ஓர் ஊர் கும்பிடுகிறது, இன்னோர் ஊர் இறக்கி வைக்கிறது.

சிலைகள் வரும், போகும். 1941 ஜூலையில், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கப் பிடிக்காதவரிடம் உண்மையைச் சொன்னாரே, அந்த நாளை யாராலும் இறக்கி வைக்க முடியாது. அதேபோல, ர்ஷேவில் விழுந்த 70 ஆயிரம் பேரையும் மறைத்துவிட முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் ஜுகோவ்.

அடுத்த முறை ரயில் ஆவடியைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள் குட்டீஸ். பக்கத்தில் இருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ இந்தக் கதையைச் சொல்லுங்கள். கோஷ்கினையும், ராத்திரி ஷிஃப்டில் லேத் மெஷின் முன்னால் நின்ற அந்த அக்காக்களையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்!

குட்டிக் குட்டித் தகவல்கள்

* 'சோவியத் யூனியனின் வீரர்' என்ற உயரிய பட்டத்தை நான்கு முறை பெற்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜுகோவ். இன்னொருவர் பிற்காலத் தலைவர் பிரெஷ்னேவ்.

* ஜுகோவின் புத்தகம் வெளிவர, போரில் சாதாரண அதிகாரியாக இருந்த பிரெஷ்னேவின் பெயரும் அதில் இடம்பெற வேண்டியிருந்தது. 'அவரைச் சந்தித்து ஆலோசனை கேட்க நினைத்தேன், அவர் இடத்தில் இல்லை' என்பதுபோல ஒரு செய்தி சேர்க்கப்பட்டது!

* அமெரிக்கத் தளபதி ஐசனோவர் கொடுத்த கோக-கோலா ஜுகோவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அமெரிக்க பானத்தைக் குடிப்பது வெளியே தெரிந்தால் வம்பு. அதனால், தண்ணீர் மாதிரி நிறமே இல்லாத கோலாவை அவருக்காகத் தயாரித்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

* அஜேயா டாங்கியின் எடை சுமார் 41 டன். உள்ளே மூன்றே பேர்தான் இருப்பார்கள். பீரங்கிக்குள் குண்டைத் திணிக்கும் வேலையை இயந்திரமே செய்துவிடும்.